வழுக்கும் அக்காவின் ஈரத் தரை

பதினோரு வருஷமாக ஒரு பெண் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருக்கிறாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. கல்லூரியின் இரண்டாவது மாடியில் தொண்ணூறு அடி நீளத்துக்கு ஒரு காரிடார் இருக்கிறது. அதை ஒரு நாளைக்கு மூன்று தடவை மாப் போட்டுத் துடைப்பது அவள் வேலை. முன்னால் நடந்துகொண்டே துடைத்தால் துடைத்த இடத்தைத் தானே மிதிக்க வேண்டிவரும். அதனால் மாப்பை இடமும் வலமுமாக வீசியபடி பின்னால் போவாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டாள். எந்தத் தூண் எங்கே இருக்கிறது, எந்த வகுப்பின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், குடிதண்ணீர்க் குழாய் எத்தனையாவது எட்டில் வரும், எல்லாம் அவள் முதுகுக்கே அத்துப்படி. வாளியையும் குதிகாலால் தட்டித் தட்டிக் கூடவே ஓட்டிக்கொண்டு போவாள்.

அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். "எனக்கு ரிவர்ஸ் எடுக்க மூணு கண்ணாடி வேணும். அது போதாதுன்னு ஒருத்தன் பின்னாடி நின்னு வா, வான்னு கத்தணும். நீ எப்படித்தான் முட்டாம போறியோ" என்று அடிக்கடி ஆச்சரியப்படுவார். மனைவியைப் பற்றி அவர் ஆச்சரியப்பட்ட ஒரே விஷயம் அதுதான் என்பதால் அவளும் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

கல்லூரியில் அவளுக்குப் பெயர் வழுக்கும் அக்கா. ஈரத் தரையில் யாராவது கால் வைக்க வந்தால் "வழுக்கும்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பதினோரு வருஷத்தில் நாலு தலைமுறை மாணவர்கள் அவள் வாயிலிருந்து கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். கேட்டார்கள் என்பது கூடச் சும்மா ஒரு பேச்சுக்கு. ஒருத்தர் காதிலாவது ஏறினால்தானே.

பின்பக்கமாக நடக்கிறவளுக்கு ஒரு கொடுமை உண்டு. துடைத்த தரை அவள் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். அதை யார் யார் நாசம் பண்ணுகிறார்கள் என்பதை ஒன்று விடாமல் பார்த்தாக வேண்டும். செல்லைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறவன் ஒரு ரகம். "சாரி அக்கா, சாரி அக்கா" என்று ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சாரி சொல்லிக்கொண்டே மிதிக்கிறவள் ஒரு ரகம். நுனிக்காலில் குதித்துக் குதித்துப் போகிற நல்லவர்கள்தான் ரொம்ப மோசம். பத்துத் தடம் விழவேண்டிய இடத்தில் இருபது புள்ளி வைத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்ததுபோல் ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. துடைத்த தரை, ஒரு கால் தடம் கூட இல்லாமல், தானாகக் காய்வதை ஒரே ஒரு நாள் கண்ணால் பார்க்கவேண்டும். இது என்ன பெரிய ஆசையா என்று கேட்காதீர்கள். துடைத்துப் பாருங்கள், தெரியும்.

அந்த ஆசைக்கு ஒரு வழியும் வந்திருந்தது. நாலாவது மாடியில் லைப்ரரி. அங்கே செருப்பு, ஷூ எல்லாவற்றையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அங்கே துடைத்துக்கொண்டிருந்தவர் அந்த மாசத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்பது சூப்பர்வைசர் கையில். அவர் அவளைக் கூப்பிட்டு, "புதன்கிழமை நாலரைக்கு உன் காரிடாரைப் பார்க்க வர்றேன். தரை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றிருந்தார். புதன்கிழமை காலையில் அவள் யூனிஃபார்முக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். வேன்காரர் பார்த்துவிட்டு, "தரையைத்தானே பார்க்க வர்றார்?" என்று கேட்டார். "நீங்க சும்மா இருங்க" என்றாள்.

அந்தப் புதன்கிழமை இரண்டரை மணிக்கு, காரிடாரின் கோடி வகுப்பறையைத் துடைக்க வாளியும் மாப்புமாக உள்ளே போனாள்.

உள்ளே நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். கொக்கு மாதிரி உயரம், கழுத்தில் கேமரா. அவன் தலை மின்விசிறியில் அடிபடக்கூடாதென்று விசிறியை நிறுத்தியிருந்ததால் மற்ற மூன்று பேரும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். கரும்பலகைப் பக்கத்தில் சாக்பீஸோடு ஒரு பெண், வகுப்பு மானிட்டர். மேஜை மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, போன மாசம்தான் முளைத்த மீசையைத் தடவிக்கொண்டு ஒரு பையன். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். அவள் பக்கத்தில் ஒரு டம்ளருக்குள் செல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்போதுதான் பாட்டு சத்தமாகக் கேட்குமாம். பாட்டை எழுதிப் பாடியதும் அந்தச் சின்னப் பெண்தான்.

"கதவைச் சாத்துங்க அக்கா" என்றாள் மானிட்டர். அக்கா சாத்தினாள். சாத்தியது வினையாகப் போயிற்று.

விஷயம் இதுதான். பாட்டு இருக்கிறது, அதற்கு வீடியோ எடுக்கவேண்டும். என்ன எடுக்கப்போகிறோம் என்பதையும், மாதிரிக்கு ஒரு காட்சியையும் அன்றைக்கு ஐந்து மணிக்குள் ஆசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். யோசிப்பதற்கு இந்தக் கூட்டத்தில் ஒரு விதி. கதவு சாத்தியபிறகு உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தரும் ஏழு யோசனை சொல்லாமல் வெளியே போகக்கூடாது. யார் எதைச் சொன்னாலும் "முடியாது" என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் நாற்காலி மேல் ஏறி நிற்கவேண்டும். "மழையில எடுக்க முடியாது, கேமரா நனைஞ்சுடும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு இருபது நிமிஷமாக நிற்கிறான் கேமரா.

"நான் ரூம் துடைக்க வந்தேன்மா" என்றாள் அக்கா.

"உள்ள வந்து கதவு சாத்தியாச்சுன்னா ஏழு சொல்லணும் அக்கா. விதின்னா விதி" என்றாள் மானிட்டர்.

"நேத்து மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரே ஏழு சொல்லிட்டுத்தான் போனார்" என்றான் கேமரா மேலிருந்து. "அஞ்சாவது நல்லா இருந்தது."

அக்கா கரும்பலகையைப் பார்த்தாள். இருபத்தாறு யோசனைகள் வரிசையாக இருந்தன. அதில் பதினெட்டு மீசையுடையது. பாட்டுக்காரி குதிரையில் வருகிறாள். பாட்டுக்காரி இரண்டு குதிரையில் வருகிறாள். ஆயிரம் பலூன். ஆயிரம் பலூனையும் குதிரை உடைக்கிறது. பாட்டுக்காரி குதிரையோடு சண்டை போட்டுவிட்டு மழையில் நடக்கிறாள்.

"குதிரைக்கு என்னப்பா கோபம்?" என்று அக்கா கேட்டாள்.

பதினோரு வருஷத்தில் அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி அது. நாலு பேரும் ஒரு விநாடி திகைத்து, பிறகு குபீரென்று சிரித்தார்கள். மூலையில் இருந்த பாட்டுக்காரியும் சிரித்தாள். இரண்டு நாளாக அவள் முகத்தில் ஈயாடவில்லை என்பதை மானிட்டர் பிற்பாடு அக்காவிடம் சொன்னாள். உயிருக்கு உயிரான தோழியிடம் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு, அதை நினைத்து எழுதிய பாட்டாம். பாட்டு நன்றாக இருந்தது. தோழி இன்னும் பேசவில்லை.

"சரி, எழுதிக்கோ" என்றாள் அக்கா. வாளியைக் கீழே வைத்தாள். துணிந்துவிட்டாள். "ஒண்ணு. அந்தப் பொண்ணு பாடட்டும், எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க."

"அடுத்தது" என்றாள் மானிட்டர்.

"வாளித் தண்ணில முகம் தெரியும்ல, அதுல பாடட்டும். மூணு, ஆளே வேணாம், செருப்பு மட்டும் ஆடட்டும். நாலு..." இதற்குள் அவளுக்கே குஷி பிறந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாலு, பிரின்சிபால் மாப் போடட்டும். நான் குறுக்கே நடக்கறேன்."

மீசை மேஜையிலிருந்து உருண்டு விழாத குறையாகச் சிரித்தான். மானிட்டர் சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் உடைந்தது. கேமரா நாற்காலி மேல் நின்றபடியே அக்காவைப் படம் பிடிக்க ஆரம்பித்தான். நமக்கு இவ்வளவு பேச வருமா என்று அக்காவுக்கே அதிசயமாக இருந்தது. பேச்சு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று மாப்பைப் பிழிந்து தரையைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

டம்ளருக்குள்ளிருந்து பாட்டு திரும்ப ஆரம்பித்தது.

"சொன்னதை எல்லாம் திரும்ப எடுத்துக்கறேன்,
வந்த வழியே வார்த்தை போகட்டும்..."

அந்த நேரம் பார்த்து மீசை மேஜையிலிருந்து குதித்து, துடைத்த தரையில் நாலு எட்டு வைத்து, கரும்பலகையில் ஐந்தாவது குதிரையை எழுதப் போனான். ஈரத்தில் நாலு தடம், கருகருவென்று. வாசலில் எதையோ மிதித்துவிட்டு வந்திருக்கிறான் படுபாவி.

அக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. "பாட்டு மட்டும் நல்லா எழுதுறீங்க. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கலாம்மா, மிதிச்சதைத் திரும்ப எடுத்துக்க முடியுமா? மிதிச்சவன் எல்லாம் அவனவன் தடத்தை அவனவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும். அஞ்சு. எழுதிக்கோ."

மானிட்டர் எழுதவில்லை. பாட்டுக்காரி மூலையிலிருந்து எழுந்து நின்றாள். நாற்காலி மேல் இருந்த கேமரா, கழுத்தில் தொங்கியதைக் கையில் எடுத்து எதையோ அழுத்திக்கொண்டிருந்தான்.

"முடியும் அக்கா" என்றான்.

கீழே இறங்கி வந்து காட்டினான். இப்போது எடுத்த காட்சியைத் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டிருந்தான். சின்னத் திரையில் மீசை கரும்பலகையிலிருந்து பின்பக்கமாக நடந்தான். அவன் ஒவ்வொரு காலைத் தூக்கும்போதும் தரையில் இருந்த கறுப்புத் தடம் ஷூவோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. மீசை பறந்து மேஜை மேல் உட்கார்ந்தான். தரை பளபளவென்று கிடந்தது.

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இன்னொரு வாட்டி போடுப்பா" என்றாள். போட்டான். "இன்னொரு வாட்டி." நாலாவது வாட்டியில் சிரிப்பு கிளம்பியது. லேசில் அடங்குகிற சிரிப்பு இல்லை. பதினோரு வருஷத்துச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வாளி விளிம்பைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எடுத்துக்கிட்டான், எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று மீசையைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். மீசை அசடு வழிந்தான்.

பாட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்: "இதுதான் பாட்டு. சொன்னதை எடுத்துக்கற மாதிரி, மிதிச்சதை எடுத்துக்கறாங்க."

அதன்பிறகு அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காரிடார் பூரா எடுக்கலாம். முப்பது பேர் மிதிக்கட்டும். பக்கத்து வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை, அவர்களை அள்ளிக்கொண்டு வரலாம். தோட்டத்துக் குழாயடியில் சேறு இருக்கிறது. படத்தில் ஒருத்தர் மாப்போடு முன்னால் வரவேண்டும், மிதித்தவர்கள் எல்லாம் அவருக்கு முன்னால் பின்வாங்கிப் போகவேண்டும். தலைகீழாக ஓட்டப் போவதால், எடுக்கும்போது மாப் பிடிக்கிறவர் பின்பக்கமாக நடக்கவேண்டும். கதாநாயகன் நான்தான் என்று மீசை மாப்பைப் பிடுங்கிக்கொண்டான். நாலு எட்டில் கதவில் இடித்துக்கொண்டான். பாட்டுக்காரி ஒவ்வொரு எட்டுக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கேமரா, எல்லாம் தெரிந்தவன்போல் நிதானமாகப் பின்னால் நடந்து, நேராக வாளிக்குள் காலை விட்டான்.

மாப்பை அக்கா வாங்கிக்கொண்டாள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மேஜைகளுக்கு நடுவே, மாப்பை வீசிக்கொண்டு பின்னால் போய்க் காட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை, வாளி தானாகக் கூட வந்தது. நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவள் தினமும் செய்கிறதுதான். ஆனால் அதை யாரும் நின்று பார்த்ததில்லை. அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது.

"நீங்கதான் அக்கா" என்றாள் பாட்டுக்காரி.

அப்போதுதான் அக்காவுக்கு நாலரை மணி ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் வரப்போவது, லைப்ரரி மாடி, இரண்டு தடவை போட்ட இஸ்திரி, எல்லாவற்றையும் சொன்னாள். "நாலரைக்கு என் காரிடார் கண்ணாடி மாதிரி இருக்கணும். சேத்தோட வந்து மிதிச்சீங்கன்னா நான் எங்க போவேன்?"

ஐந்து பேரும் யோசித்தார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அறையில் அன்றைக்கு நிதானம் என்பது மருந்துக்கும் இல்லை.

"அக்கா" என்றான் மீசை. "படம் எதுல முடியுது? தரை பளபளன்னு ஆகறதுலதான் முடியுது. நாலு மணிக்கு எடுக்க ஆரம்பிச்சா நாலேகாலுக்கு முடிஞ்சுடும். முடியும்போது காரிடார் பளபளன்னு இருக்கும். சூப்பர்வைசர் வந்து பார்த்துட்டு அங்கேயே லைப்ரரி சாவியைக் கொடுத்துடுவார்."

"அட ஆமாம்" என்றான் கேமரா.

"கடைசிக் காட்சியே சுத்தமான தரைதானே" என்றாள் மானிட்டர். கரும்பலகையில் அழகாக எழுதினாள்: நாலேகால், காரிடார் சுத்தம்.

அக்காவும் தலையாட்டினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தரையோடு மல்லுக்கட்டுகிறவள் ஆட்டினாள். சின்னத் திரையில் நாலு வாட்டி அதைக் கண்ணால் பார்த்திருந்தாளே. தடம் எல்லாம் கிளம்பிப் போகத்தான் போகிறது என்று அவள் மனசு முழுசாக நம்பிவிட்டது. ஐந்து பேர் இருந்தும், படத்தின் முடிவு என்பது எடுக்கும்போது ஆரம்பம் என்கிற ஒரு சின்ன விஷயம் ஒரு மண்டையிலும் உறைக்கவில்லை.

நாலு மணிக்கு அக்கா காரிடாரை ஒரு தடவை சுத்தமாகத் துடைத்தாள். கேமரா கோடிச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு மேலே ஏறினான். இந்தத் தடவை யாரும் அவனை ஏறச்சொல்லவில்லை. கோடி வகுப்பறைக்குள் முப்பது பேர், தோட்டத்துச் சேற்றில் மிதித்துவிட்டு அந்தக் கோடியிலிருக்கும் சின்னப் படி வழியாக வந்து, குசுகுசுவென்று சிரித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டுக்காரி ஒலிபெருக்கியை முடுக்கினாள். பாட்டு மூன்றரை நிமிஷம். நடுவில் யார் நின்றாலும் கெட்டுவிடும், மறுபடி எடுக்க நேரமில்லை.

"அக்கா, கிளம்புங்க" என்றாள்.

அக்கா மாப்பை வீசினாள். இடம், வலம், ஒரு எட்டு பின்னால். இடம், வலம், ஒரு எட்டு பின்னால். பெரிய படியிருக்கும் கோடியை நோக்கி முதுகு போய்க்கொண்டிருந்தது. வகுப்பிலிருந்து முப்பது பேரும் வெளியே வந்து அவளைப் பார்த்து நடந்தார்கள். தொப் தொப்பென்று சேறு. பத்து அடி, இருபது அடி. அவள் பளபளவென்று விட்டுவிட்டு வருகிற தரைமேல் அறுபது ஷூ ஏறிக்கொண்டே வந்தது.

நாற்பதாவது அடியில் அவளுக்கு உறைத்தது.

இது போகப்போகச் சேறாகத்தானே ஆகிறது. பாட்டு முடியும்போது தொண்ணூறு அடியும் சேறாகத்தானே இருக்கும். பளபள என்பது படத்தின் கடைசி. இங்கே அது எப்போதோ முடிந்துபோயிற்று. அடக் கடவுளே, லைப்ரரி போயிற்று.

நின்றுவிடலாம். மாப்பைக் கீழே போட்டுவிட்டு "போதும்" என்றால் பாதிக் காரிடார் மிஞ்சும், அவசரமாகத் துடைத்துவிடலாம். கை ஒரு விநாடி தயங்கியது. எதிரே, கூட்டத்தின் முதல் வரிசையில் மீசை முகத்தைப் படு கம்பீரமாக வைத்துக்கொண்டு சேற்றை மிதித்து வந்தான். நாற்காலி மேல் கேமரா மூச்சுவிடாமல் நின்றான். ஒலிபெருக்கிப் பக்கத்தில் பாட்டுக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் முதல் தடவையாக அக்கா துடைப்பதைப் பார்க்கிறார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருந்தது, ஆனால் ரொம்பவே பிடித்திருந்தது. இடம், வலம், ஒரு எட்டு பின்னால்.

எழுபதாவது அடியில் மீசையின் முகம் செத்துப்போனது. அவன் பார்வை அக்காவைத் தாண்டி எங்கேயோ போயிற்று. முப்பது பேர் முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்தது. அக்கா திரும்பவில்லை, திரும்பவேண்டிய அவசியமும் இல்லை. படியில் ஏறி வந்த கீச், கீச் என்கிற ஷூ சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வந்திருக்கிறார் மனுஷன்.

"இங்க என்ன நடக்குது?" என்றது சூப்பர்வைசரின் குரல், அவள் முதுகுக்கு நாலடி பின்னால்.

பாட்டில் இன்னும் ஒரு சரணம் இருந்தது. அக்கா மாப்பை வீசினாள், ஒரு எட்டு பின்னால் வைத்தாள், தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"வழுக்கும்."

அந்தச் சொல்லில் என்ன இருந்ததோ, சூப்பர்வைசர் ஒரு எட்டு பின்வாங்கினார். அவள் இன்னொரு எட்டு வைத்தாள், அவரும் வைத்தார். குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, கீச் கீச்சென்று படிவரைக்கும் பின்னாலேயே போனார். பாட்டு முடிந்தது. அக்காவின் முதுகு கோடித் தூணைத் தொட்டது. தொண்ணூறு அடிக்குச் சேறு.

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குறிப்பேட்டில் ஏதோ எழுதினார், படியிறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலு பேருக்கும் அப்போதுதான் விஷயம் உறைத்தது. மானிட்டர் ஓவென்று அழுதேவிட்டாள். மீசை ஓடிப்போய் இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மீதி மாப்புக்கெல்லாம் அடிபிடி. கேமரா மட்டும் ஆசிரியரிடம் ஓடினான். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கொடுத்துவிட்டானாம். துடைக்க வந்த முப்பது பேரும் முன்னால் நடந்து துடைத்து, துடைத்த இடத்தையே மிதித்து மிதித்து, காரிடாரை ஆறு மணிவரை ஒரு வழி பண்ணினார்கள். "போதும், நகருங்கப்பா, நானே பண்ணிக்கறேன்" என்று கும்பிட்டுத்தான் அவர்களை அனுப்பவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். லைப்ரரி மாடிக்குக் கீழ்த்தளத்து அக்காவைப் போட்டிருந்தது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "அங்க போனா நீ யாரைத் திட்டுவே? ஒருத்தரும் மிதிக்கமாட்டாங்களே" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் கல்லூரி அரங்கில் மாணவர்களின் வீடியோக்களைப் போட்டார்கள். பாட்டுக்காரி நேரில் வந்து கூப்பிட்டதால் அக்கா போனாள். வேன்காரரையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. திரை முழுக்க அவளுடைய காரிடார், தொண்ணூறு அடியும் சேறு. தூரத்தில், படிப்பக்கமிருந்து, மாப்பை வீசிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முன்னால் நடந்து வந்தாள், நேராக, நிமிர்ந்து. அவளுக்கு எதிரே முப்பது பேர் பின்வாங்கிப் பின்வாங்கிப் போனார்கள், ஒவ்வொருத்தரும் அவரவர் சேற்றை அவரவர் காலில் எடுத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால், குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மகாராணிக்குப் பின்னால் வருகிற மந்திரி மாதிரி, சூப்பர்வைசர் பணிவாக நடந்து வந்தார்.

அரங்கம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. பிறகு, கடைசித் தடமும் ஷூவில் ஏறி, முப்பது பேரும் வகுப்புக்குள் பின்பக்கமாகப் போய் நுழைந்து, வெறும் தரை மட்டும் மின்னிக்கொண்டு கிடந்தபோது, சத்தமே இல்லை. "வந்த வழியே வார்த்தை போகட்டும்" என்று பாட்டு முடிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து போய்ப் பாட்டுக்காரியைக் கட்டிக்கொண்டாள். அதுதான் அந்தத் தோழி என்று அக்காவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நீ முன்னாலகூட நடப்பியா?" என்று வேன்காரர் காதோரமாகக் கேட்டார். அவள் அவர் கையில் கிள்ளினாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு வழக்கம்போல் வாளியில் தண்ணீர் பிடித்து, கோடி வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். இடம், வலம், ஒரு எட்டு பின்னால். முதல் மணி அடித்தது. இனி வந்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். பத்து அடி, முப்பது அடி, அறுபது அடி. யாரையும் காணோம். இன்றைக்கு என்ன லீவா? முதுகு தூணைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கோடியில், சின்னப் படி வழியாக ஏறி வந்து, கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அறுபது, எழுபது பேர் இருக்கும். பையும் புத்தகமுமாக, ஈரம் ஆரம்பிக்கிற இடத்தில் கோடு போட்டது மாதிரி நின்றார்கள். மீசை இரண்டு கையையும் விரித்து மற்றவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தான். வகுப்புக்கு நேரமாகிவிட்ட ஓர் ஆசிரியரும் கையில் கோப்போடு நின்றார். கேமராவும் மானிட்டரும் பாட்டுக்காரியும் அந்தத் தோழியும் நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், எட்டிப் பார்த்துக்கொண்டு, சூப்பர்வைசர்.

காரிடாரின் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. தரை ஒவ்வொரு ஜன்னலாக, மெதுமெதுவாகக் காய்ந்துகொண்டு வந்தது. முதல் தூண்வரை காய்ந்தது. குடிதண்ணீர்க் குழாய்வரை காய்ந்தது. ஒரு தடம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அக்கா மாப்புக் கட்டையில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தான் துடைத்தால் தரை இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொம்ப அழகாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் என்கிற வரைக்கும் பார்த்தாள்.

பிறகு அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"இப்ப வழுக்காது, வாங்க."